இறாலுக்கு ஒரு லோட்டா தண்ணீர்

மருத்துவர் என்னிடம் சொன்னது இரண்டே விஷயம்தான். உப்பைக் குறையுங்கள், தினமும் அரை மணி நேரம் எதையாவது சும்மா பார்த்துக்கொண்டு உட்காருங்கள். "ஒரு மீன் தொட்டி வெச்சாக்கூடப் போதுமுங்க, பிரஷர் இறங்கும்" என்று பேச்சுவாக்கில் சேர்த்தார். இரண்டு அறிவுரைகளையும் ஒன்றாகக் கலக்கி, நாலு கிலோ உப்பு வாங்கி வந்து வீட்டுக் கூடத்தில் கடல் வைத்தவன் அவருடைய நோயாளிகளிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நல்ல தண்ணீர் மீன் வைத்திருக்கலாம். மீன்கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். ஆனால் அவர் கடையின் கடைசித் தொட்டியில், கல்லோடு கல்லாக ஒட்டியிருந்த ஒரு பூ, நான் குனிந்ததும் கையை மூடுவது போல மூடிக்கொண்டது. பூ என்னைப் பார்த்து மூடிக்கொள்வதாவது! அது பூ இல்லை, ஒரு பிராணி, அதற்கு வாயும் வயிறும் உண்டு என்றார் கடைக்காரர். போத்தனூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். எந்தப் பொருளாக இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று கழற்றிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கடலைக் கழற்ற முடியாது. வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

மூன்றடித் தொட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்காரரே வந்தார். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வாசற்படி தாண்டுபவர் யாராக இருந்தாலும் முதலில் தண்ணீர். கரண்ட் ரீடிங் எடுக்க வருபவர், கூரியர்காரர், நான் கட்டிய காயில் புகைந்துவிட்டதென்று என்னை உதைக்க வந்தவர் என்று வித்தியாசமே கிடையாது. உதைக்க வந்தவர் ஒரு லோட்டா குடித்து முடிப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கியிருக்கும். அந்தத் தண்ணீர் சமையலறை மூலையில் என் மனைவி வைத்திருக்கும் செப்புக்குடத்திலிருந்து வரும். குழாயில் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் வருகிற அன்று துணி கட்டி வடிகட்டி நிரப்புவாள். புளி போட்டுத் துலக்கித் துலக்கி, குடம் முகம் பார்க்கிற மாதிரி இருக்கும். எங்கள் பக்கம் விருந்தாளிகளை ஒரம்பரை என்போம். அந்தக் குடம் ஒரம்பரைக்கென்றே இருப்பது. நான் குடிப்பது ஃபிரிட்ஜ் பாட்டிலில்.

கடைக்காரர் இரண்டு லோட்டா குடித்தார்.

"தேனாட்டம் இருக்குதுங்க்கா."

"அப்ப இதையே தொட்டிக்கு ஊத்திப்போடலாமுங்களா?" என்றேன்.

"ஐயோ, அது வேண்டாமுங்க. குழாத்தண்ணில மருந்து கலந்திருப்பாங்க. ஆறு கேன் ஆர்.ஓ. தண்ணி வாங்கிக்குங்க."

கோயமுத்தூர்க்காரனிடம் சிறுவாணியை வேண்டாம் என்பது, சாப்பாட்டு இலையில் உட்கார்ந்தவனிடம் உன் அம்மாவுக்குச் சமைக்கத் தெரியாது என்பதற்குச் சமம். நான் வாயை மூடிக்கொண்டேன், கண்ணாடித் தொட்டியை இறக்கி வைக்க வேண்டியவர் அவர். மனைவி மூடவில்லை.

"ஊட்டுக்கு வர்ற உசுருக்குக் கேன் தண்ணியா? இதென்ன கல்யாண மண்டபமா?"

கேன் வந்தது. வாளி வாளியாகக் கடலுப்பைக் கரைத்தோம். அது சமையல் உப்பு இல்லை, கடலில் என்னென்ன உண்டோ அத்தனையும் பொடியாகக் கலந்த தனி உப்பு. கரைசலின் ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து ஒரு குழல் வழியாகப் பார்த்தால், உள்ளே நீலக்கோடு ஏறி எண்ணைக் காட்டும். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கப்பலோட்டி மாதிரி வெளிச்சத்துக்குத் திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, மனைவி விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"மாங்கா ஊறுகாய்க்கு ஒரு புடி கம்மி."

குழலிலும் கோடு கொஞ்சம் கீழேதான் நின்றது. ஒரு பிடி போட்டதும் சரியாக ஏறியது. அந்தக் குழலுக்குக் கொடுத்த காசை நினைத்து அன்று முழுவதும் நான் அதிகம் பேசவில்லை.

அடுத்து கல். கடலுக்குள் கிடந்த, துளை துளையான கல். அதை அடுக்கி, மணல் பரப்பி, ஒரு சின்ன மோட்டாரை ஓடவிட்டு, ஒரு மாதம் மீனே விடக்கூடாது என்றார் கடைக்காரர். மீன் உள்ளே போனால் கழிவு வரும், கழிவு விஷமாகும், அந்த விஷத்தைத் தின்கிற நுண்ணுயிர்கள் முதலில் கல்லில் குடியேற வேண்டும். வீடு கட்டிவிட்டுச் சாக்கடை தோண்டுகிற ஊரில் வளர்ந்த எனக்கு, சாக்கடையை முதலில் கட்டும் இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டு ரிட்டையர்டு ரயில்வே கார்டுக்குத்தான் பிடிக்கவில்லை. தினமும் மாலையில் வந்து, ஒரு லோட்டா தண்ணீர் குடித்து, தொட்டி முன்னால் நின்று கேட்பார்:

"என்ன மாப்ள, கல்லு குட்டி போட்டுதா?"

போட்டது என்பதுதான் வேடிக்கை. பட்டறையில் மெல்லிய கம்பி பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வந்து நான் கல்லின் முன் உட்கார்ந்தேன். முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம், ஒரு துளையிலிருந்து நூல் போல ஒரு கால் நீண்டு வந்து மணலைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. நாலு நாள் கழித்து ஐந்து கால்களும் வெளியே வந்தபோது, அது நகம் அளவுக்கு ஒரு நட்சத்திரம். இன்னொரு துளையில் வெள்ளைப் புழு ஒன்று, தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் குழாய் கட்டிக்கொண்டு, வாயில் விசிறி விரித்தது. கண்ணாடியில் ஊசிமுனை அளவுப் புள்ளிகள் துள்ளின. யாரும் காசு கொடுத்து வாங்காதவை, கல்லோடு ஓசியில் வந்தவை. பக்கத்துத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி போகும்போது தொட்டித் தண்ணீர் மெல்ல நடுங்கும், நட்சத்திரம் காலை இழுத்துக்கொள்ளும், வண்டி போனதும் நீட்டும். மருத்துவர் சொன்ன அரை மணி நேரம் மூன்று மணி நேரமாயிற்று. பட்டறையில் மோட்டார்கள் குவிந்தன.

பங்குனியில் ஒரம்பரை வந்தார்கள். இரண்டு கோமாளி மீன், மூன்று நத்தை, ஒரு இறால். கோமாளி மீன் என்று பேரைச் சொன்னதும் மனைவி "ஊட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்குது" என்றாள். அதை விட்டுவிடுவோம். இறாலைச் சொல்ல வேண்டும். விரல் நீளம். சிவப்பு முதுகில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, முகத்துக்கு முன்னால் உடம்பைவிட நீளமான வெள்ளை மீசை. மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்வதுதான் அதன் தொழில் என்றார் கடைக்காரர். பக்கத்து வீட்டுக்காரர் "வறுவலுக்குப் பத்தாதே மாப்ள" என்றார்.

வந்தவர்களை உடனே தொட்டியில் விடக்கூடாது. தனிப் பாத்திரத்தில் வைத்து, தொட்டித் தண்ணீரைக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், குளுக்கோஸ் ஏற்றுவது போல. இரண்டு மணி நேரம். மனைவி இருப்புக் கொள்ளாமல் நடந்தாள்.

"ஏனுங்க, வந்தவங்கள இத்தன நேரம் வாசல்லயா உக்கார வெப்பாங்க?"

"பழகோணும் அம்மணி. நானும் உங்க ஊட்டுக்கு வந்தப்ப ஒரு வாரம் சொட்டுச் சொட்டாத்தான் பழகுனேன்."

"நீங்க வந்த அன்னைக்கே ஏழு தோசை தின்னீங்க."

கடைக்காரர் கிளம்பும்போது ஒன்று சொன்னார். தொட்டியில் நீர் குறைந்துகொண்டே வரும். உப்பு அங்கேயே நிற்கும், தண்ணீர் மட்டும்தான் ஆவியாகிப் போகும். அதனால் தினமும் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. அவர் படி இறங்கியதும் மனைவி உள்ளே போய் ஒரு லோட்டா தண்ணீரோடு வந்து, தொட்டியின் ஓரத்தில் சத்தமில்லாமல் ஊற்றினாள். கேன் தண்ணீரில் ஒரம்பரையை இறக்கிவிட்ட குறை அவளுக்கு அதோடு தீர்ந்தது. நான் சிரித்தேன். வேலை ஒன்று குறைந்ததே என்ற சந்தோஷம். அன்றிலிருந்து காலையில் இரண்டு லோட்டா அவள் கணக்கு.

ஒரு நாள் ஊற்றும்போது அவள் விரல் தண்ணீரில் பட்டிருக்கிறது. கல்லுக்கடியிலிருந்து இறால் மேலேறி வந்து, மீசையால் தடவிப் பார்த்து, அவள் விரல் மேல் ஏறி நின்று, நகக்கண்ணில் இருந்ததைக் குட்டிக் குட்டிக் கைகளால் பொறுக்கித் தின்ன ஆரம்பித்தது. நான் குளியலறையிலிருந்து ஓடி வந்தது அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டு. கூச்சம் தாங்காமல், கையை எடுக்கவும் மனசில்லாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடமாக நான் சொன்ன ஜோக்குகள் எதற்கும் அந்தச் சிரிப்பு வந்ததில்லை. "ம்" என்பாள், மிஞ்சினால் "போதுமுங்க" என்பாள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே சீக்கிரம் எழுந்தேன். பிளவுஸ் தைக்கிறவள் அவள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தடம். ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் இறால் அந்த விரல்களைச் செப்பனிட்டது.

ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியாக வந்து தொட்டியை உறிஞ்சியது. இரண்டு லோட்டா நாலு லோட்டாவாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காலை மனைவி கையை விட்டுக்கொண்டு நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். இறால் வரவில்லை. கல்லுக்குப் பின்னால் ஒருக்களித்துக் கிடந்தது. மீசை மட்டும் ஆடியது. நத்தைகள் மூன்றும் கண்ணாடியை விட்டு மணலில் விழுந்திருந்தன. மீன்கள் இரண்டும் ஒன்றுமே நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தன.

"ஏனுங்க, அதுக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்றாள். கையை வெளியே எடுக்கவில்லை.

என் பதற்றத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மோட்டார் தீப்பிடித்தால் நான் நிதானமாக இருப்பேன். உயிருள்ளது எதற்காவது ஒன்றென்றால் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. முதல் வேலையாக ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துக் கட்டிக்கொண்டேன். எண்ணைப் பார்த்ததும் அது இன்னும் ஏறியது. பிறகு ஊதுபத்தியை அணைத்தேன். பக்கத்து வீட்டில் கொசு மருந்து அடித்தார்களா என்று சுவர் மேல் ஏறிக் கேட்டேன். கோமாளி மீன்களில் பெரியதைக் கொலைக் குற்றவாளி மாதிரி முறைத்தேன். கடைக்காரருக்கு ஏழு முறை போன் செய்தேன். ஏழாவது முறை எடுத்தார்.

"மீன் நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்க. அதுதான் சந்தேகமா இருக்குது."

"இறாலும் நத்தையும் மட்டுமுங்களா? அப்பக் காப்பருங்க. தண்ணில செம்பு கலந்திருக்கும். மீன் கொஞ்சம் தாங்கும், இதுக தாங்காது. ஊட்டுல செப்புக் கம்பி, கிம்பி..."

போன் கையில் இருக்கும்போதே என் கையைப் பார்த்தேன். முப்பது வருடம் செப்புக்கம்பி சுற்றிய கை. ரேகைக்குப் பதில் செம்புதான் ஓடும். இந்தக் கையை விட்டுத்தானே வாரம் ஒரு முறை கல்லைச் சரிசெய்தேன்!

மனைவியின் முன் போய் நின்று ஒப்புக்கொண்டேன். நாடகத்துக்குக் குறைவில்லை.

"நாந்தான் அம்மணி. இந்தக் கைதான் உன்ற இறாலக் கொன்னுது."

"இன்னும் சாவுல. எழவு ஊட்டாட்டம் பேசாதீங்க. நீங்க என்ன வேணும்னா பண்ணுனீங்க?"

பாதித் தண்ணீரை மாற்றினோம். செம்பை உறிஞ்சிக்கொள்ளும் கரித்தூள் பை ஒன்றைத் தண்ணீர் சுற்றும் இடத்தில் தொங்கவிட்டோம். அதற்கு முன்பே, செம்பைக் காட்டும் சொட்டு மருந்து வாங்கி வந்திருந்தேன். சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீர் எடுத்து மருந்தை விட்டால், செம்பு இருந்தால் நிறம் ஏறும். மாற்றுவதற்கு முன் நிறம் நன்றாகவே ஏறியது, மாற்றிய பின் லேசாயிற்று. எனக்கு நானே தண்டனை விதித்துக்கொண்டேன். தொட்டிக்கு நாலடி தூரத்தில் தரையில் சாக்பீஸ் கோடு, அதைத் தாண்டக் கூடாது. பட்டறையிலிருந்து வந்ததும் குளியல், பிறகு இன்னொரு குளியல். பக்கத்து வீட்டுக்காரர் கோட்டைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, ஊட்டுக்குள்ளயே பிளாட்பாரமா?" என்றார். நத்தைகள் மூன்றும் செத்துப்போயின. இறால் பிழைத்து எழுந்து நின்றது, ஆனால் மேலே வரவில்லை. மனைவி தினமும் விரலை வைத்துப் பார்ப்பாள், எடுத்துத் துடைத்துக்கொள்வாள். வீட்டில் காலைநேரம் சத்தமில்லாமல் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதித்தேன். நிறம் ஏறியிருந்தது.

நான் கோடு தாண்டவே இல்லை. அப்படியென்றால் எப்படி? பயம் போய் அந்த இடத்தில் எனக்குப் பழகிய அரிப்பு வந்தது. மோட்டாரில் கரண்ட் கசிந்தால் என்ன செய்வோம்? ஒவ்வொரு காயிலாகக் கழற்றி, தனித்தனியாக டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்போம், எரிகிற இடத்தில் திருடன். தொட்டியையும் அப்படியே பிரித்தேன். கேன் தண்ணீர்: நிறமில்லை. உப்புக் கரைசல்: இல்லை. சின்ன மோட்டாரைக் கழற்றினேன். எல்லாம் பிளாஸ்டிக், உள்ளே காந்தம், ஒரு பொட்டு உலோகம் வெளியே இல்லை. மீன் தீவனத்தை ஊறவைத்துப் பார்த்தேன்: இல்லை. தொட்டிக்குள் போகிறது வேறென்ன?

சமையலறைப் பக்கம் திரும்பினேன். மூலையில் குடம் பளபளவென்று என் முகத்தைக் காட்டியது. குடத்துக்குள் அந்த முகம் அகலமாக, அசட்டுத்தனமாக இருந்தது, குடத்தைக் குறை சொல்ல முடியாது.

மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குடத்திலிருந்து குப்பிக்குத் தண்ணீர் எடுத்து, சொட்டு விட்டேன். கண்ணெதிரே நிறம் திரண்டது, தொட்டித் தண்ணீரைவிட இரண்டு மடங்கு. மனிதன் குடித்தால் ஒன்றுமில்லாத அளவுதான். ஆனால் தொட்டியிலிருந்து தண்ணீர் மட்டும்தானே பறக்கிறது. உப்பு நிற்பது போலச் செம்பும் நின்றிருக்கிறது, பங்குனியிலிருந்து, லோட்டா லோட்டாவாக. ஒரம்பரைக்கென்று வைத்த தண்ணீர்.

ஒரு நிமிடம், வெட்கத்தோடு சொல்கிறேன், என் கை விடுதலையான சந்தோஷம் எனக்கு. நான் இல்லை! அடுத்த நிமிடம் மாடிப்படியில் அவள் கொலுசுச் சத்தம் கேட்டது. சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. இதை எப்படிச் சொல்வது? எதற்கெடுத்தாலும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அன்று தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை.

பொய் ஒன்று கிடைத்தது. ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் கேன் தண்ணீர் நிரப்பித் தொட்டிப் பக்கத்தில் வைத்தேன்.

"கடைக்காரரு சொன்னாருங்க, இனிமே அளந்து ஊத்தோணுமாம். நீ சிரமப்பட வேண்டாம், நானே ஊத்திக்கறேன்."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"கோடு தாண்டக்கூடாதுன்னீங்க?"

"அது... கை கழுவிப்போட்டு ஊத்துவனுங்க."

பதற்றத்தில் பெண்டாட்டிக்கே 'ங்க' போட்டுவிட்டேன். அவள் சமையலறைக்குப் போனாள். அங்கே, குடத்துக்குப் பக்கத்திலேயே, மேடையில், நிறம் ஏறிய குப்பியை மூடிகூடப் போடாமல் நான் வைத்துவிட்டு வந்திருந்தேன். தடயத்தைத் திருடனே பக்கத்தில் விளக்கேற்றி வைத்த மாதிரி.

நான் உள்ளே எட்டிப் பார்த்தபோது குப்பியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்ற கையில ஊத்துனதா?"

"நல்லதுன்னுதான ஊத்துன."

"நல்லதுன்னு ஊத்துனா நத்தை பொழச்சுக்குமா?"

நான் போய், தரையிலிருந்த சாக்பீஸ் கோட்டைக் காலால் அழித்தேன். அவள் வந்து பார்த்துவிட்டு, துடைப்பம் எடுத்து மிச்சத்தையும் கூட்டினாள். அன்று முழுவதும் தையல் மெஷின் சத்தம் மட்டும் ஓடியது.

மறுபடி தண்ணீர் மாற்றினேன், மறுபடி கரித்தூள். சொட்டு மருந்தில் நிறம் குறைந்தது, பிறகு இல்லாமலே போனது. ஆனால் அவள் தொட்டிக்கு எதிரே வரும்போதெல்லாம் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். "என்ற கை வேண்டாமுங்க" என்பாள். கேன் தண்ணீரை நான் ஊற்றினேன். இறால் எனக்கும் வரவில்லை. என் விரலைப் பார்த்து வெள்ளை மீசையை ஒருமுறை ஆட்டிவிட்டுக் கல்லுக்கடியில் போய்விடும், பழைய பாக்கி கேட்க வந்தவனைப் பார்த்த மாதிரி.

ஆவணியில் ஒரு காலை, தொட்டியின் முன்மூலையில் இறால் செத்துக் கிடந்தது. வெளிறிப்போய், மீசையோடு, அசையாமல். அவளுக்குத் தெரிவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று கரண்டியைத் தேடினேன். சர்க்கரை டப்பா விழுந்து உருண்டது. சத்தம் கேட்டு அவள் வந்துவிட்டாள். குனிந்து பார்த்தாள். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது வெறும் சட்டைங்க. உள்ள ஆளில்ல."

கண் இருந்த இடம் கண்ணாடி மாதிரி காலியாக இருந்தது. முதுகுப் பக்கம் பிளந்திருந்தது. கல்லுக்கடியில் தேடினோம், தலையோடு தலை மோதிக்கொண்டு. ஆள் அங்கே இருந்தது, முன்பைவிடச் சிவப்பாக, கோடு முன்பைவிட வெள்ளையாக, புதுத்துணி போட்ட கூச்சத்தோடு. கடைக்காரரைக் கேட்டேன். தண்ணீர் கெட்டிருந்தால் சட்டை உரிக்கும்போதுதான் சாகுமாம். உரித்து முடித்துவிட்டால் தேறிவிட்டது என்று அர்த்தமாம். சொல்லிவிட்டு, வருகிற வாரம் தொட்டியைப் பார்க்க வருவதாகவும் சொன்னார்.

வந்தார். உட்கார்ந்ததும் சட்டப்படி ஒரு லோட்டா வந்தது, செப்புக்குடத்திலிருந்து. குடித்துவிட்டு, "தேனாட்டம் இருக்குதுங்க்கா" என்றார். இரண்டாவது லோட்டாவும் கேட்டு வாங்கிக் குடித்தார். என் மனைவி அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதே மாதிரி இன்னொரு லோட்டாவை எடுத்து, பிளாஸ்டிக் ஜாடியிலிருந்து கேன் தண்ணீரை ஊற்றிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். நானும் எழுந்து பின்னாலேயே போனேன். ஓரத்தில் சத்தமில்லாமல் ஊற்றினாள். லோட்டாவை வைத்துவிட்டு, முந்தானைக்குள் போகப்போன கையைத் திருப்பி, ஒரு விரலை மட்டும் தண்ணீரில் வைத்தாள்.

"உனக்குக் கேன் தண்ணிதாஞ் சாமி. கோவிச்சுக்காத."

மீசை முதலில் வந்தது.